ஒரே ராத்திரியில் சொல்லிவிட வேண்டுமாம்

போன கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு சாயங்காலமே கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் கடைத்தெருவுக்குப் போவதாகப் பேச்சு. மூன்று மணிக்குப் பிடித்த மழை ஐந்தாகியும் விடவில்லை. செந்தூலில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே சாக்கடை நிரம்பி, நிறுத்தி வைத்த மோட்டார்களின் பாதிச் சக்கரம் வரை தண்ணீர். சரி, மழை விடும் வரை ஏதாவது பார்ப்போம் என்று அவள் ரிமோட்டை எடுத்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "நீ பிறக்கிறதுக்கு முன்னாடி நானும் உங்கம்மாவும் பார்த்த லவ் ஹினா கிறிஸ்துமஸ் ஸ்பெஷல் ஒண்ணு இருக்கு, பார்க்கிறியா?" என்று வாயைக் கொடுத்தேன்.

அவளுக்கு 15 வயது. அதற்கு முந்திய வாரம்தான் கேஎல்சிசி மாநாட்டு மண்டபத்தில் நடந்த காமிக் ஃபியஸ்டா என்கிற ஜப்பான் கார்ட்டூன் ரசிகர் விழாவுக்கு ரோஸ் கலர் விக்கை மாட்டிக்கொண்டு போய், ஒரு நாள் முழுக்க நின்று படம் எடுத்துவிட்டு, கால் வீங்கி வந்தவள். அனிமே என்றால் அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை.

"பழசா மாமா?"

"2000."

"ஐயோ."

ஆனாலும் உட்கார்ந்தாள். பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தது, அதற்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: லவ் ஹினா. கென் அகமட்சு எழுதி வரைந்த காதல் நகைச்சுவை மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. 1998 அக்டோபரில் ஆரம்பித்து 2001 அக்டோபர் வரை, கோடன்ஷா பதிப்பகத்தின் வாராந்தர ஷோனென் மேகசினில் வந்தது, புத்தகமாக 14 பாகம். 2001-இல் கோடன்ஷா மாங்கா பரிசும் வாங்கியது. 2000 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை டிவி தொடராக 24 பகுதிகள் ஓடின. அந்தச் சூடு ஆறுவதற்குள், அதே வருடம் டிசம்பர் 25 அன்று, ஒரு கிறிஸ்துமஸ் ஸ்பெஷலை இறக்கினார்கள். பெயர் 'சைலண்ட் ஈவ்'. பெயரில்தான் சைலண்ட். படத்தில் யாராவது ஒருவர் கத்திக்கொண்டோ ஓடிக்கொண்டோ இருக்கிறார்கள்.

கதை இதுதான். கெய்தாரோ என்று ஒரு பையன். சின்ன வயதில் மணலில் விளையாடும்போது ஒரு பெண் குழந்தையிடம், பெரியவர்களானதும் இரண்டு பேரும் தோதாயில், அதாவது தோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். அந்தப் பெண்ணின் முகமும் பெயரும் மறந்து போச்சு, வாக்கு மட்டும் மறக்கவில்லை. ஆனால் மண்டையில் அவ்வளவு சரக்கு இல்லை. நுழைவுத் தேர்வில் இரண்டு தடவை தோற்று, வீட்டை விட்டு வெளியேறி, பாட்டியின் சத்திரத்தில் தங்கலாம் என்று போனால், அது பெண்கள் விடுதியாக மாறியிருக்கிறது. பாட்டி இவன் தலையில் விடுதிப் பொறுப்பைக் கட்டிவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார். அந்த விடுதியில் நாரு என்று ஒருத்தி. அவளுக்கும் தோதாய்தான் குறி. இவன் எது செய்தாலும் அவளுக்குத் தப்பாகப்படும், ஒரு குத்து விடுவாள், பையன் வானத்தில் பறப்பான். வெந்நீர் ஊற்று, துண்டு, வழுக்கி விழுவது என்று அம்மா ஹாலுக்கு வந்தால் டிவியை அணைக்க வேண்டிய சமாச்சாரங்களும் நிறைய. பிறகு மூன்றாவது தடவையும் தோற்கிறான்.

இந்தத் தோற்பதுதான் எனக்கு முக்கியம்.

2001 கடைசியில் நான் பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்டிபிஎம் தேர்வு எழுதினேன். அடுத்த வருடம் பள்ளி ஆபீஸில் வரிசையில் நின்று வாங்கிய துண்டுத் தாளை மூன்றாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செந்தூல் ரயில் பட்டறைச் சுவர் ஓரமாகவே நடந்து வீட்டுக்குப் போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பஸ் காசு இருந்தது. சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டாம் என்றிருந்தது, அவ்வளவுதான். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம். மறுபடியும் எழுதுவது என்று முடிவாச்சு. அந்த ஒரு வருடம் நான் பள்ளி மாணவனும் இல்லை, வேலைக்காரனும் இல்லை. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் கையில் தட்டைக் கொடுத்த கையோடு "இப்ப என்ன தம்பி செய்ற?" என்று கேட்பார்கள். ஜப்பானில் இப்படி நடுவில் தொங்குகிறவனுக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள் என்பதை லவ் ஹினாவில்தான் தெரிந்துகொண்டேன். ரோனின். எஜமான் இல்லாத சாமுராய்க்குச் சொல்வது. எவ்வளவு கௌரவமாகச் சொல்கிறார்கள் பாருங்கள். எங்கள் பக்கத்தில் 'சும்மாதான் இருக்கான்' என்பார்கள்.

தொடர் எனக்கு வந்தது செந்தூல் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வி.சி.டி. வடிவில். கீழே இரண்டு வரி எழுத்து ஓடும், ஒன்று சீனம், இன்னொன்று ஆங்கிலம் மாதிரி ஏதோ ஒன்று. பெயர்களையெல்லாம் சீன உச்சரிப்பில் போட்டிருப்பார்கள், நாருவை நாரு என்று கூப்பிடுவது காதில் கேட்கும், கீழே வேறு எவளோ வந்து நிற்பாள். அக்காவும் நானும் ஒரே நாளில் ஆறு பகுதி பார்த்திருக்கிறோம். அப்புறம் மாங்காவை வாங்க ஆரம்பித்தேன். 2002-இல் டோக்கியோபாப் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அட்டையில் 9.99 டாலர், அப்போது எங்கள் வெள்ளி, அதாவது ரிங்கிட், டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டிருந்த காலம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டியூஷன் சொல்லிக் கொடுத்து வந்த காசில் மாதம் ஒரு புத்தகம். அம்மா ஒரு நாள் கேட்டார், எங்கேடா போய் வந்தே என்று. கேஎல்சிசி போய் ஒரு மாங்கா வாங்கினேன், முப்பத்தெட்டு வெள்ளி என்றேன். "மாங்கா முப்பத்தெட்டு வெள்ளியா! சௌகிட் மார்க்கெட்ல கிலோ என்ன விலை தெரியுமாடா உனக்கு?" எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தப் புத்தகங்களுக்கு மாங்கா மூட்டை என்றுதான் பெயர்.

அந்த மாங்காவில் எனக்குப் பிடித்தது குத்தும் இல்லை, துண்டும் இல்லை. கீழே சூடு வைத்து மேலே போர்வை போட்ட தாழ்வான மேசையில் கெய்தாரோவும் நாருவும் எதிரெதிரே உட்கார்ந்து படிக்கிற பக்கங்கள். ஒருவருக்கொருவர் என்ன நினைக்கிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள். அவன் தப்பாகப் போட்ட கணக்கை அவள் திருத்துவாள். முடிவு வருகிற நாளில் பலகையில் ஒட்டிய எண்களுக்கு நடுவே தன் எண்ணைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். எண் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற அந்த ஒரு விநாடி முகம் எப்படி இருக்கும் என்று அகமட்சுவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரியும். அடுத்த கட்டத்திலேயே எதையாவது தள்ளிவிட்டு விழுந்து புரள்வான், அது வேறு. ஆனால் இந்தக் காதல் மெதுவாக, தோற்றுத் தோற்று, ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் நடுவில்தான் வளர்ந்தது. அவசரம் கிடையாது.

இப்போது ஸ்பெஷலுக்கு வருவோம். கிறிஸ்துமஸ் இரவில் மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டால் அந்தக் காதல் கைகூடும் என்று ஒரு வதந்தி. அவ்வளவுதான், அதுதான் கதை. இன்றைக்கு ராத்திரிக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் போச்சு. நாருவுக்குச் சொல்ல வரவில்லை, கெய்தாரோவுக்குச் சொல்ல வரவில்லை, சொல்லப் போகும்போது யாராவது வருகிறார்கள், தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், ஓடுகிறார்கள். 24 பகுதி பார்த்தவனுக்கு இது 25-ஆவது தடவை அதே பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி.

2002-இல் முதல் தடவை பார்த்தபோது நான் பழியை டிஸ்க் மீது போட்டேன். பாசார் மாலாம் சரக்கு, பாதியில் சிக்கிக்கொண்டது. நாருவின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றது. டிஸ்கை எடுத்து, பனியன் ஓரத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, ஊதி, மறுபடி போட்டு, அக்கா பிளேயரின் தலையில் ஒரு தட்டு தட்டி, மூன்றாவது தடவையில் ஓடியது. சிக்கிய இடத்தைத் தாண்டித்தான் ஓடியது. நடுவில் இரண்டு மூன்று நிமிடம் போயே போச்சு. அந்தப் போன நிமிடங்களில்தான் ஏதோ நல்லது நடந்திருக்கிறது, நமக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். போன டிசம்பரில் முழுசாக ஓடுகிற பிரதியில் பார்த்தாச்சு. ஒன்றும் நடக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இதில் எடுத்தவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது என்று இப்போது தோன்றுகிறது. தேதிகளைப் பாருங்கள். ஸ்பெஷல் வந்தது 2000 டிசம்பர். மாங்கா முடிந்தது 2001 அக்டோபர். இன்னும் பத்து மாதத்துக் கதை பத்திரிகையில் வாராவாரம் வர வேண்டியிருக்கிறது. இவர்களால் கல்யாணத்தையா காட்ட முடியும்? காதலைக் கைகூட வைக்கவும் கூடாது, உடைக்கவும் கூடாது. ஆனால் தலைப்பிலேயே இன்றைக்கு ராத்திரி தீர்ந்துவிடும் என்று ஆசை காட்டியாச்சு. கடன் கேட்டு வந்தவனுக்குக் காபி கொடுத்து உட்கார வைத்து, ஊர்க்கதை பேசி, வாசல் வரை வந்து வழியனுப்புவது போல ஒரு படம். பத்திரிகையில் மாங்கா ஓடிக்கொண்டிருக்கும்போதே பண்டிகைக்கு ஸ்பெஷல் எடுக்கிற எந்தத் தொடருக்கும் இந்தச் சங்கடம் உண்டுதான். அந்த மாதிரி நேரத்தில் கெட்டிக்காரர்கள் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். ஒரு சாப்பாடு, ஒரு காய்ச்சல், தொலைந்து போன ஒரு சாவி. இவர்கள் போயும் போயும் காதலைச் சொல்கிற ராத்திரியை எடுத்தார்கள்.

எனக்கு ஆத்திரம் எதில் என்றால், ஜப்பானில் கிறிஸ்துமஸ் என்பதே இந்தக் கதைக்கு எவ்வளவு பொருத்தம் தெரியுமா? அங்கே டிசம்பர் 25 பொது விடுமுறை கிடையாது. நமக்கு உண்டு, அவர்களுக்கு இல்லை. கோயிலுக்குப் போகிற பண்டிகையாகவும் இல்லை, 24 ராத்திரி ஜோடி ஜோடியாக வெளியே போகிற நாள் அது. 1974-இல் கேஎஃப்சி நாடு முழுக்க விளம்பரம் செய்து கிளப்பிவிட்டதிலிருந்து பொரித்த கோழி, அப்புறம் ஸ்ட்ராபெரி வைத்த வெள்ளைக் கேக். ஜோடி இல்லாதவன் அன்றைக்கு எங்கே போனாலும் கண்ணில் படுவான். இப்போது ஒரு ரோனினை நினைத்துப் பாருங்கள். ஜனவரி நடுவில் தேசிய அளவிலான முதல் கட்டத் தேர்வு. மூன்று வாரம் இருக்கிறது. ஊரே கோழி வாளியோடு நடக்கிறது, இவன் பயிற்சித் தாளோடு உட்கார்ந்திருக்கிறான். எதிரில் அவளும் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே போகலாமா என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டால் நான்கு மணி நேரப் படிப்பு போச்சு. கடைசியில் 25-ஆம் தேதி ராத்திரி மிச்சமாகிப் போன கேக்கைப் பாதி விலைக்கு வாங்கி வந்து, ஒரே தட்டில் வைத்து, நடுவில் இருக்கிற ஸ்ட்ராபெரி யாருக்கு என்று சண்டை போட்டிருந்தால் போதுமே. நான் அதை வருடா வருடம் பார்த்திருப்பேன். படமே உங்கள் கையில் இருந்தது ஐயா, விட்டுவிட்டு ஓடுகிறீர்கள்.

இன்னொன்று. விடுதியில் இருக்கிற அத்தனை பேரும் தலையைக் காட்டியாக வேண்டும். சமையல் பார்க்கிற ஷினோபு, வாளைத் தூக்குகிற மோதோகோ, குடித்துவிட்டுக் கண்ணை மூடிச் சிரிக்கிற கிட்சுனே, வாழைப்பழக்காரி சூ, மயங்கி விழுகிற முட்சுமி. ஆசிரியர் வருகைப் பதிவேடு எடுத்தது மாதிரி ஒவ்வொருவராக வந்து, தங்களுக்கு என்று இருக்கிற ஒரே கோமாளித்தனத்தைச் செய்து, உட்கார்ந்துவிடுகிறார்கள். தொடரில் ஷினோபுவுக்கு எவ்வளவு அழகான ஒரு கூச்சம் உண்டு. இங்கே அவளும் கூட்டத்தில் ஒருத்தி.

நான் இப்படிப் புலம்பிக்கொண்டே பார்க்க, அக்கா மகள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ ஏன் மாமா எதுக்கெடுத்தாலும் அடிக்கிறா?"

"அது காமெடி."

"அவனும் வாங்கிக்கிறான்?"

"அது அப்ப அப்படித்தான்."

"அடிக்கிறதுக்குக் கை வருது, பிடிக்கும்னு சொல்ல மட்டும் வரலையா?"

அடுக்களையிலிருந்து அக்கா சிரித்தாள். பக்கத்து வீட்டு அந்தோணியம்மா ஆன்ட்டி அனுப்பிய கிறிஸ்துமஸ் தட்டைப் பிரித்து, முறுக்கை ஒரு டப்பாவிலும் பழக் கேக்கை இன்னொரு டப்பாவிலும் போட்டுக்கொண்டிருந்தவள், "நான் அப்பவே சொன்னேன், இந்தப் பையனுக்கு முட்சுமிதான் சரின்னு" என்றாள். 2002-இல் இதே வீட்டில் இதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். என் கட்சி நாரு. இப்போதும் நாருதான், ஆனால் வாதாடத் தெம்பில்லை. மகள் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. அந்தக் குத்துகளை நான் 20 வயதில் எண்ணவே இல்லை. அவள் எண்ணினாள், ஏழு என்றாள்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் ஃபோனில் அகமட்சுவைத் தேடினாள். "மாமா, இவர் இப்ப எம்.பி.யாமே!" உண்மைதான். 2022-இல் ஜப்பான் மேலவைத் தேர்தலில் நின்று ஜெயித்துவிட்டார். வெந்நீர் ஊற்றில் வழுக்கி விழுகிற பையனை வரைந்தவர் கோட்டு சூட்டோடு நாடாளுமன்றத்தில். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது அதற்கு முன்னால் செய்தது. 2010-இல், அச்சில் இல்லாமல் போன மாங்காக்களை விளம்பரம் சேர்த்து இலவசமாகப் படிக்கக் கொடுக்க ஓர் இணையதளம் தொடங்கினார், முதலில் போட்டது தன்னுடைய லவ் ஹினாவை, 14 பாகத்தையும். திருட்டு வி.சி.டி.யில் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

2001 வசந்த காலத்தில் இன்னொரு ஸ்பெஷல், 2002-இல் 'அகெய்ன்' என்று மூன்று பகுதி. அதையெல்லாம் பற்றி எழுதப் போனால் இன்றைக்குத் தூக்கம் போய்விடும். கிறிஸ்துமஸ் ஸ்பெஷலுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், பாட்டுகள் மோசமில்லை. நாருவுக்குக் குரல் கொடுத்த யுய் ஹோரியேயின் குரலில், இந்தச் சத்தத்துக்கு நடுவிலும், வாக்கியத்தின் கடைசியில் ஒரு தயக்கம் இருக்கிறது. சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்குகிற தயக்கம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மாங்காவில் இருந்த நாரு அங்கே எங்கோ இருக்கிறாள்.

எட்டரைக்கு மழை விட்டது. எல்ஆர்டி ரயில் பிடித்து தித்திவங்சா, அங்கிருந்து மோனோரயில். புக்கிட் பிந்தாங்கில் இறங்கினால் கால் வைக்க இடமில்லை. ஆளுக்கொரு நுரை டப்பா, முகம் தெரியாதவன் மேலெல்லாம் வெள்ளையாக அடிக்கிறார்கள். நம் ஊர்ப் பனி. 27 டிகிரிப் பனி. ஈரத் தரையில் விழுந்து சோப்புத் தண்ணீராக ஓடுகிறது. மழைக்குப் பிறகு ஆதலால் ஒரே வழுக்கல், ஒரு பையன் கெய்தாரோ மாதிரியே காலை விரித்து விழுந்து, எழுந்து, யாரும் பார்த்தார்களா என்று பார்த்தான். நான் பார்த்தேன். அக்கா மகள் என் காதுக்குள்ளேயே அடித்துவிட்டாள், இரண்டு நாள் சோப்பு வாடை.

வீடு திரும்பும்போது பன்னிரண்டரை. குளித்துவிட்டு வந்து பார்த்தால், கட்டிலுக்கு அடியிலிருந்த மூட்டையை அவள் இழுத்து ஹாலில் வைத்திருக்கிறாள். முதல் பாகம் கையில். அட்டை வெளுத்து, ஓரமெல்லாம் பழுப்பு. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்கு முன்பே சரியாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பத்துப் பக்கம் போயிருந்தாள்.

அறையிலிருந்து அம்மாவின் குரல். "யாருடா அது, இந்நேரத்துக்கு அந்த முப்பத்தெட்டு வெள்ளி மாங்காவை எடுத்தது?"